மெட்ராஸ் காலியான நாளும், ஊரை இழந்த கொக்கலவும்! - ஒரு போர்க்கால விமானத் தளத்தைத் தேடி...

எங்கள் பாட்டிக்கு இப்போது 87 வயது. காலையில் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். 1942-ல் என்ன நடந்தது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

"ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே காலியாச்சுடி. அதுக்குப் பேரு எவாகுவேஷன். எழும்பூர் ஸ்டேஷன்ல கால் வைக்க இடமில்ல. என்னை ஜன்னல் வழியாத்தான் ரயிலுக்குள்ள ஏத்துனாங்க" என்பார்.

அப்போது அவருக்கு நான்கு வயது. ஆகவே இந்தக் கதையில் பாதி அவருடைய நினைவு, மீதி அவர் அம்மா சொன்னது. எது எவருடையது என்று அவருக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியாது. மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு, கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் ஐந்தாறு மாதம் இருந்தார்கள். வீட்டுச் சாவியை அம்மா இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார். குளிக்கப் போனால்கூட அதைக் கழற்றி வைக்க மாட்டார். கதையின் இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் பாட்டி தன் இடுப்பை ஒருமுறை தொட்டுக் காட்டுவார்.

சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட கதை இது. ஆனால் அந்த 'ஜப்பான்காரன்' எங்கிருந்து வந்தான், அவன் வருவது முதலில் யாருக்குத் தெரிந்தது என்று நான் யோசித்ததே இல்லை. ஆபீஸில் இரண்டாம் உலகப்போர் பற்றிய ஒரு தொகுப்புக்காகத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெயர் கண்ணில் பட்டது: கொக்கல. இலங்கையின் தென்கோடியில், காலி நகரத்தைத் தாண்டி, கடலோரமாக இருக்கும் ஒரு கிராமம். அங்கிருந்த விமானத் தளத்திலிருந்து பறந்து போனவர்கள்தான் அந்த ஜப்பானியக் கடற்படையை முதன்முதலில் பார்த்தவர்கள். அந்தத் தளத்துக்காக அங்கே வாழ்ந்த மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்றும் படித்தேன்.

பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாங்க திரும்பி வந்துட்டோம். அந்த ஊர்க்காரங்க திரும்பி வந்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டு வா" என்றார்.

கடலை உரசிக்கொண்டு ஒரு ரயில்

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் ஏறினால், தெற்கே போகும் ரயில் கடலை விட்டு விலகவே மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு ஓடுகிறது. சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு வரிசைத் தென்னை மட்டும்தான். காலி வந்ததும் கூட்டம் குறைந்துவிடும். உனவட்டுன, தல்பே, ஹபராதுவ என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் வந்து போகும். அடுத்தது கொக்கல.

கொழும்பில் வேலை பார்க்கும் என் தோழியும் கூடவே வந்தாள். தமிழும் சிங்களமும் அவளுக்கு ஒரே வேகத்தில் வரும். எனக்கு சிங்களத்தில் 'ஸ்துதி' என்ற ஒரு வார்த்தைதான் தெரியும். நன்றி என்று அர்த்தம்.

கொக்கலவில் இறங்கியதும் நிலத்தின் அமைப்பு பளிச்சென்று புரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல். இன்னொரு பக்கம் அகலமான, அலையில்லாத ஒரு காயல். நம் பழவேற்காடு ஏரியைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். ஆனால் இது அதைவிட மிகச் சிறியது, கரையெல்லாம் பச்சைப் பசேல். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு நிலத்துண்டு. அதில்தான் சாலை, தண்டவாளம், கடைகள், வீடுகள் எல்லாமே.

அந்த நிலத்துண்டில் ஒரு பெரிய பகுதி வேலிக்குள் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விமான ஓடுதளம். இன்று அது இலங்கை விமானப்படையின் கையில் இருக்கிறது. அருகிலேயே ஏற்றுமதி வலயம், ஆடைத் தொழிற்சாலைகள். ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாகச் சாலையைக் கடந்து பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் நின்று பேச நேரமில்லை.

ஓடுதளம் வேண்டாத விமானங்கள்

இத்தனை சின்ன கிராமத்தை ஏன் பிரிட்டிஷ் விமானப்படை தேடி வந்தது? காரணம் அந்தக் காயல்தான்.

1942-ன் தொடக்க மாதங்களை ஒரு வரைபடம் போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் தொடக்கத்தில் ரங்கூன் போனது. அதே மாதம் அந்தமான் ஜப்பான் வசமானது. வங்காள விரிகுடாவின் கிழக்குப் பக்கம் மொத்தமும் கை மாறிவிட்ட நிலையில், நடுவே மீதி நின்றது இலங்கை. கொழும்பிலும் திருகோணமலையிலும் துறைமுகங்கள். மலாயா போய்விட்டதால், நேச நாடுகளின் ரப்பர் தேவைக்கு இலங்கைத் தோட்டங்களே பெரிய ஆதாரம். இந்தத் தீவும் போனால் இந்தியாவுக்கான கடல் பாதையே ஆட்டம் கண்டுவிடும்.

ஆனால், தெற்கே திறந்து கிடக்கும் அத்தனை பெரிய கடலில் எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று எப்படிக் கண்காணிப்பது? இன்றுபோல் செயற்கைக்கோள் கிடையாது. மனிதக் கண்தான் போய்ப் பார்த்து வர வேண்டும். அதற்காக இருந்தவைதான் 'கேட்டலினா' என்ற பறக்கும் படகுகள்.

பெயரே சொல்வதுபோல, அவை பாதி படகு, பாதி விமானம். அடிப்பாகம் படகு போலவே இருக்கும். தண்ணீரில் மிதக்கும், தண்ணீரிலேயே ஓடி மேலெழும், தண்ணீரிலேயே வந்து இறங்கும். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ 32 மீட்டர். வேகம் குறைவு, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் பயணம். ஆனால் ஒருமுறை கிளம்பினால் ஒரு நாள் முழுக்க ஆகாயத்திலேயே இருக்க முடியும். அதற்குத் தேவை, அலையில்லாத ஒரு நீர்ப்பரப்பு. கொக்கல காயல் அதற்காகவே வெட்டி வைத்ததுபோல இருந்தது. அதற்குத் தெற்கே அண்டார்டிகா வரை வெறும் கடல்தான்!

தண்ணீர் இருந்தால் போதுமா? எரிபொருள் கிடங்கு, பழுது பார்க்கும் இடம், வீரர்கள் தங்கும் குடியிருப்பு, காவல் எல்லாவற்றுக்கும் நிலம் வேண்டும். அந்த நிலத்தில் ஒரு கிராமம் இருந்தது.

ஊர் என்று ஒன்று இருந்தது

மீன் பிடிப்பவர்கள், கயிறு திரிப்பவர்கள், தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள் என ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் சின்ன ஊர் அது. போர் நெருங்கியபோது பிரிட்டிஷ் விமானப்படைக்காக அந்த ஊர் எடுத்துக்கொள்ளப்பட்டது. மிகக் குறைந்த அவகாசத்தில் மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. பிறகு வீடுகள் இடிக்கப்பட்டன.

உலகம் முழுக்கப் போர்க்கால விமானத் தளங்களின் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு கதை இருக்கும். ஓடுதளத்தின் நீளம் எவ்வளவு, எத்தனை விமானங்கள் நின்றன என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். அங்கே இருந்த கிணற்றில் யார் தண்ணீர் இறைத்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கொக்கலவின் அதிர்ஷ்டம், அதற்கு ஒரு எழுத்தாளர் இருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், 1942 ஏப்ரல் 4.

நிலா வரட்டும் என்று காத்திருந்தவர்கள்

லியனார்ட் பர்ச்சால். கனடா நாட்டு விமானி, வயது 26. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளின் குளிரிலிருந்து அவருடைய படைப்பிரிவு இலங்கைக்கு மாற்றப்பட்டது. ஏப்ரல் 2 அன்றுதான் அவர் கொக்கல வந்து சேர்ந்தார். இரண்டே நாளில், 4-ம் தேதி விடிவதற்கு முன்பே, இருட்டில் காயலிலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. அவரையும் சேர்த்து விமானத்தில் ஒன்பது பேர்.

பகல் முழுக்கத் தெற்கே கடலின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தார்கள். ஒன்றும் இல்லை. மாலை நெருங்கியது. வேலை முடிந்துவிட்டது, திரும்பிவிடலாம். ஆனால் கடலின் நடுவே தாங்கள் சரியாக எங்கே இருக்கிறோம் என்று உறுதி செய்துகொள்ள, நிலா எழும்வரை கொஞ்சம் பொறுத்திருந்து கணக்கிடலாம் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன.

நெருங்கிப் போனார்கள். புள்ளிகள் கப்பல்களாயின. ஒன்றல்ல, இரண்டல்ல. விமானம் தாங்கிக் கப்பல்களும் போர்க்கப்பல்களுமாக ஒரு பெரும் கடற்படை. அட்மிரல் நகுமோவின் தலைமையில், நான்கு மாதங்களுக்கு முன்பு பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே படை. அன்று ஆறு விமானம் தாங்கிக் கப்பல்கள். இந்த முறை ஐந்து.

கேட்டலினாவின் வேகத்தில் தப்பி ஓடுவது நடக்காத காரியம். கப்பல்களிலிருந்து ஜீரோ சண்டை விமானங்கள் கிளம்பிவிட்டன. உள்ளே ரேடியோக்காரர் செய்தியை அனுப்பத் தொடங்கினார். எத்தனை கப்பல்கள், எந்த இடம், எந்தத் திசை. ஒரே செய்தியை மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே குண்டு வந்து ரேடியோவை நொறுக்கியது. விமானம் கடலில் விழுந்தது.

ஒன்பது பேரில் ஆறு பேர்தான் பிழைத்தார்கள். அவர்களையும் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று பிடித்துக்கொண்டது. போர் முடியும்வரை ஜப்பானில் கைதி வாழ்க்கை. பர்ச்சால் உயிரோடு இருக்கிறார் என்பதே ஊரில் பலருக்கு 1945-ல்தான் தெரிந்தது. 'இலங்கையைக் காத்தவர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 2004-ல் காலமானார்.

கொழும்பிலிருந்து மெட்ராஸ் வரை

அறைகுறையாக வந்தாலும் செய்தி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பலவற்றை அவசரமாக வெளியே அனுப்பினார்கள். மறுநாள், ஏப்ரல் 5. ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களில் பூசை நடக்கும் காலை வேளையில் கொழும்பின் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தன. துறைமுகம் அடி வாங்கியது. நகரத்தை ஒட்டியுள்ள அங்கொட மனநல மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. அதே நாளில் நடுக்கடலில் டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. அவற்றில் இறந்தவர்கள் மட்டும 424 பேர்.

ஏப்ரல் 6 அன்று வங்காள விரிகுடாவுக்குள் புகுந்திருந்த இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவின் விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடா மீதும் குண்டு வீசின. இரண்டுமே அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த ஊர்கள். அதாவது, போர் நம் வாசலுக்கே வந்துவிட்டது.

அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவசியப் பணியில் இல்லாதவர்கள் நகரைவிட்டு வெளியேறலாம் என்று அரசாங்கமே சொன்னது. அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு இடம் மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் கூட்டம் முண்டியது. அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் கொள்ளுப்பாட்டி இடுப்பில் சாவியோடு நின்றிருந்தார்.

ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்ம்ஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. அன்று காலையிலும் ஜப்பானியப் படையைக் கண்டது ஒரு கேட்டலினாதான், பர்ச்சாலின் அதே படைப்பிரிவைச் சேர்ந்தது. அதில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அதன் பிறகு ஜப்பானியக் கடற்படை கிழக்கே திரும்பிப் போய்விட்டது. மெட்ராஸில் பயந்தது அந்த ஏப்ரலில் நடக்கவில்லை. மாதங்கள் கழித்து மக்கள் ஊர் திரும்பினார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி தன் சாவியால் தன் வீட்டைத் திறந்தார்.

ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்

கொக்கல காயலின் கதை அதோடு முடியவில்லை. அடுத்து நடந்ததைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஆச்சரியப்படுவார்கள்.

சிங்கப்பூர் போனதால் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த விமானப் பாதை அறுந்துவிட்டது. அதை மீண்டும் இணைக்க 1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் ஒரு துணிச்சலான வழி கண்டுபிடித்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து நேராகக் கொக்கலவுக்கு! நடுவில் எங்கும் நிற்க முடியாது. நிற்க இடமும் இல்லை. சுமார் 6,500 கிலோமீட்டர், வெறும் கடல். ஜப்பானிய விமானங்களின் கண்ணில் படக்கூடிய பகுதியை இருட்டில்தான் கடக்க வேண்டும். ரேடியோவில் பேசக் கூடாது. வழி காட்ட நட்சத்திரங்கள் மட்டும்தான்.

பயண நேரம் 27 முதல் 33 மணி நேரம். இன்று சென்னையிலிருந்து அமெரிக்கா போவதற்கே அவ்வளவு ஆகாது! அத்தனை எரிபொருளைச் சுமந்ததால் விமானத்தில் மூன்று பயணிகளுக்கு மட்டுமே இடம். கூடவே கொஞ்சம் அவசரத் தபால். பயணத்தில் ஒரு சூரிய உதயத்தைப் பார்ப்பார்கள். பகல் போய், இரவு போய், மறுபடியும் ஒரு சூரிய உதயத்தையும் பார்ப்பார்கள். அதனால் இதற்கு 'இரட்டைச் சூரிய உதயம்' என்றே பெயர் வந்தது. பயணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஐந்து கேட்டலினாக்கள் இந்தப் பாதையில் பறந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். 1945 வரை 271 முறை கடலைக் கடந்தன. ஒரு பயணிகூட உயிரிழக்கவில்லை. போர் முடிந்ததும் அந்த விமானங்களுக்கு வேலை இல்லாமல் போனது. அமெரிக்காவிடம் கடனாக வாங்கியவை. வேறு வகையில் பயன்படுத்த ஒப்பந்தம் இடம் தரவில்லை. கடலிலேயே கொண்டுபோய் மூழ்கடித்தார்கள்.

தப்பிப் பிழைத்த வீடு

வேலியை ஒட்டிக் கொஞ்ச தூரம் போனால், மரங்கள் அடர்ந்த ஒரு தோட்டத்துக்குள் பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. சிங்கள இலக்கியத்தின் மிகப்பெரிய பெயர்களில் ஒருவரான மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பூர்வீக வீடு. 1890-ல் கொக்கலவில் பிறந்தவர் அவர். இடிப்பிலிருந்து தப்பி இன்றும் நிற்கிறது இந்த வீடு.

உள்ளே போனால் அகலமான தாழ்வாரம், குளுமையான தரை, மரச் சாமான்கள், புகைப்படங்கள். நம் ஊர் தாத்தா வீடுகளின் வாசனைதான். வீட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய நினைவிடம். 1976-ல் மறைந்தார். அதே வளாகத்தில் நாட்டுப்புறப் பண்பாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. முகமூடிகள், பொம்மலாட்டப் பொம்மைகள், மண்பாண்டங்கள், மாட்டு வண்டிகள், மீன்பிடிக் கருவிகள். துருவலகட்டையையும் உலக்கையையும் பார்த்ததும் "இது எங்க வீட்லயும் இருந்துச்சு" என்று நானே சொல்லிவிட்டேன். தோழி சிரித்தாள்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. விக்கிரமசிங்க தன் கொக்கல கிராமத்தைப் பற்றி 'அபே கம' என்று ஒரு புத்தகம் எழுதினார். 'எங்கள் ஊர்' என்று அர்த்தம். அது வெளியான ஆண்டு 1940. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்த ஊரே இல்லை. 1944-ல் அவர் எழுதிய நாவல் 'கம்பெரலிய'. கிராமத்தின் மாற்றம் என்று பொருள் சொல்லலாம். காலனிக் காலத்தில் ஒரு தென்னிலங்கைக் குடும்பம் நொடித்துப் போவதைச் சொல்லும் கதை அது. விமானத் தளத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் சொந்த ஊர் விமானத் தளமாகிவிட்ட நாள்களில், ஒரு மனிதர் உட்கார்ந்து அந்தப் பெயரில் ஒரு நாவலை எழுதியிருக்கிறார் என்று நினைத்தபோது, தாழ்வாரத்தைவிட்டு எழ எனக்கு மனசு வரவில்லை.

காயலின் அந்தக் கரை

மாலையில் படகு எடுத்தோம். சுற்றுலாப் பயணிகளைத் தீவுகளுக்கு அழைத்துப் போகும் சின்ன மோட்டார் படகு. படகுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மரியாதையாக "ஐயா" என்று கூப்பிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன் என்று தோழி காதில் சொன்னாள். அதன் பிறகு அவர் என்னை 'நங்கி' என்றே கூப்பிட்டார். தங்கச்சி!

அலையாத்திக் காடுகளை ஒட்டிப் படகு போனது. நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு தீவில் கறுவாப்பட்டை உரிப்பதைக் காட்டினார்கள். 'மடோல் தூவ' தீவையும் கைகாட்டினார் படகுக்காரர். விக்கிரமசிங்க 1947-ல் அதே பெயரில் எழுதிய சிறுவர் நாவலைப் படிக்காத பிள்ளைகள் இலங்கையில் குறைவு. வீட்டைவிட்டு ஓடிப்போன இரண்டு பையன்கள் அந்தத் தீவில் வாழப் பார்க்கும் கதை.

காயலின் நடுவே மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கியது. 80 ஆண்டுகளுக்கு முன்பு இதே தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் பர்ச்சாலின் விமானம் இருட்டில் மேலெழுந்தது. அதற்கு ஒரு சுவடும் என் கண்ணில் படவில்லை. தண்ணீர் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

தோழி மூலமாகப் பாட்டியின் கேள்வியைக் கேட்டேன். அந்த ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்களா?

படகுக்காரர் வேலி இருக்கும் கரையைக் காட்டினார். "எங்க ஆச்சி அங்கேதான் பிறந்தாங்க" என்றார். பாட்டிக்குச் சிங்களத்திலும் ஆச்சிதான். வெளியேறிய குடும்பம் காயலின் மறு கரையில், உறவுக்காரர்கள் பக்கம் போய்த் தங்கியது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தார்களாம். போர் முடிந்தது. தளம் இருந்தது. பிறகு நாடு சுதந்திரம் பெற்றது. அப்போதும் தளம் இருந்தது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. அவருடைய மகள் அதில் ஒன்றில்தான் தையல் வேலை பார்க்கிறாராம்.

"ஆச்சியோட வீடு இருந்த இடத்துல இப்போ என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

தோழி கேட்டுச் சொன்னாள். "அவருக்குத் தெரியாதாம். அவங்க ஆச்சிக்கும் தெரியலையாம். அடையாளம் காட்ட ஒரு மரம்கூட மிச்சம் இல்லைன்னு சொல்வாங்களாம்."

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். "ஆனா என் மகள் தினமும் அங்கே போயிட்டு வர்றா." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பாட்டிக்குச் சொன்ன பதில்

திரும்பும் வழியில் கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். கொக்கல கடலில் கம்பு நட்டு, அதன் மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கமும் போர்க்காலத்தில்தான் தொடங்கியது என்று சொல்கிறார்கள். உணவுப் பஞ்சம், கரையில் நின்று தூண்டில் போட இடமில்லாத கூட்டம். முதலில் உடைந்த கப்பல்களின் மேலும், விழுந்த விமானங்களின் மேலும் ஏறி உட்கார்ந்தார்களாம். பிறகு கம்பு நட்டுக்கொண்டார்கள். இன்று கம்பத்தில் இருப்பவர்களில் பலர் படம் எடுப்பவர்கள் தரும் காசுக்காகவே உட்கார்கிறார்கள்.

சென்னை வந்ததும் பாட்டியிடம் எல்லாம் சொன்னேன். பர்ச்சாலின் கதையை வாய் பிளந்து கேட்டார். இரட்டைச் சூரிய உதயத்தை நம்பவே இல்லை. கடைசியில், "திரும்பி வந்தாங்களான்னு கேட்டியா?" என்றார்.

"இல்ல பாட்டி. வரலை."

வெகு நேரம் எதுவும் பேசவில்லை. இத்தனை வருடமாக 'எவாகுவேஷன்' கதையை ஒரு சாகசக் கதை போலத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே ரயிலில் ஏறியது, கும்பகோணத்தில் காவிரியில் குளித்தது எல்லாம் அதில் உண்டு. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா வந்தபோது அந்தக் கதையை மறுபடியும் சொன்னார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கதையின் முடிவில் ஒரு புது வரி சேர்ந்திருந்தது.

"நாங்க வந்துட்டோம். சிலோன்ல ஒரு ஊர், பாவம், அவங்க வரவே இல்ல."

கொக்கலவுக்குப் போக நினைப்பவர்களுக்கு...

* கொழும்பிலிருந்து சுமார் 130 கி.மீ. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து காலி வழியாக மாத்தறை செல்லும் ரயிலில் போகலாம். விரைவு ரயில்கள் எல்லாம் கொக்கலவில் நிற்காது. காலியில் இறங்கி பஸ் அல்லது ஆட்டோவில் போவது சுலபம்.

* ரயிலில் கடல் பக்கம் உட்கார வேண்டுமென்றால், போகும்போது வலது பக்கம் இடம் பிடியுங்கள்.

* விமானத் தளம் ராணுவக் கட்டுப்பாட்டில் உள்ளது. வேலிக்கு அருகே போட்டோ எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

* விக்கிரமசிங்கவின் வீட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டப் பொம்மைகளும் வண்டிகளும் பிடிக்கும்.

* படகில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். காயலின் நடுவே ஒரு நிமிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.